பீலிக்கு வலை போடுவதா, வேண்டாமா: காரைநகர் வீட்டில் ஒரு மாரியின் கணக்கு

2024 தை மாதம், எங்கள் ஊர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்தில் திருவெம்பாவை முடிந்து மூன்றாவது வாரம், என் மகளுக்கு டெங்கு வந்தது. 2017இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான அந்த வருடத்தில்கூட எங்கள் வீட்டு வாசலை மிதிக்காத காய்ச்சல் அது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில், குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை எவ்வளவு என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் தேறி வீடு வந்த மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளைஞர். வளவில் சிரட்டை, தயிர்ச் சட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று ஒன்றையும் விடாமல் பார்த்தார். எங்குமே தண்ணீர் இல்லை. அம்மா அந்த விடயத்தில் கண்டிப்பானவர். சிரட்டையைக் கவிழ்க்காமல் போகமாட்டார்.

"அண்ணை, ஏணி இருக்கிறதா?" என்று கேட்டார் பரிசோதகர்.

ஓட்டின் நுனியில் மழைத் தண்ணீரை ஏந்தும் மேற்குப் பக்கப் பீலியின் நடுவில் ஏணியைச் சார்த்தி ஏறியவர், ஒரு கரண்டியால் அள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி எனக்குக் காட்டினார். தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கிண்ணத்தின் மேல் என் தலை நிழல் விழுந்ததும், மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. நுளம்புக் குடம்பிகள். என் மகள் படுக்கும் அறையின் யன்னலுக்கு நேர் மேலே, மூன்று முழ உயரத்தில்.

பீலியைக் கழற்றுங்கள், அல்லது தண்ணீர் தேங்காதபடி வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எங்கள் கிணறு உவர். காரைநகரில் பல கிணறுகள் அப்படித்தான். குளிக்கலாம், துணி தோய்க்கலாம். தேத்தண்ணீர் வைக்க முடியாது. மேற்குப் பீலியில் இருந்து 5,000 லீற்றர் சீமெந்துத் தாங்கிக்கு வரும் மழைத் தண்ணீர்தான் எங்கள் குடிநீர். அது தீர்ந்த பிறகு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கழற்றுவது என்ற பேச்சு மேற்குப் பக்கத்துக்குப் பொருந்தாது.

கனடாவில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் தயங்காமல் சொன்னார்: "தம்பி, பீலிக்கு மேலே வலை போடு. இங்கே வீட்டுக்கு வீடு போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு ஏணியை மறந்துவிடு." எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏணியை மறந்துவிடலாம் என்ற சொல் இனித்தது. ஆனாலும் போடுவதற்கு முன் பீலியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

மாசியில் மழை ஓய்ந்து பீலி காய்ந்ததும் சுத்தம் செய்யத் தொடங்கினேன். சாந்தகப்பையை விட இதற்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது: வெறும் எண்ணெய்க் கானின் அடிப்பகுதியைச் சரிவாக வெட்டினால், அது பீலியின் வளைவுக்கு ஏற்ப வளைந்து அடிவரை வழித்து எடுக்கும், பிவிசியில் கீறலும் விழாது. எடுத்ததை உரச்சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் கொட்டினேன். மூன்று வாளி. வெயிலில் காயவிட்டுக் கையால் பிரித்துப் பார்த்தேன்.

பெரிய இலை என்று சொல்லத்தக்கது ஒரு கைப்பிடிகூட இல்லை. இருந்தவை வேப்பிலையின் நடு ஈர்க்குகள்; சிற்றிலைகள் உதிர்ந்தபின் மிஞ்சும், ஒரு சாண் நீளமான மெல்லிய தண்டுகள். அவற்றோடு பின்னிக்கொண்டு சவுக்கு ஊசிகள். எங்கள் மேற்கு வேலியில் வேம்பு ஒன்றும் சவுக்கு இரண்டும் நிற்கின்றன. சவுக்கு ஊசியை விரலில் வைத்து இழுத்தால் மூங்கில் போலக் கணுக்கணுவாகக் கழன்று வரும். கழன்ற துண்டு ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். வேப்பம் பூ, ஓட்டில் இருந்து கரைந்த சிவப்பு மண், காற்று அள்ளி வந்த கடல் மணல், அணில் இழுத்து வந்த தும்பு. எல்லாம் சேர்ந்து, நனைந்து காய்ந்து, பாய்போல ஒட்டியிருந்தது.

சுத்தமான பீலியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். குப்பை முழுவதையும் எடுத்துவிட்டேனே, ஓடிவிடும் என்று எதிர்பார்த்தேன். பாதி நடுவிலேயே நின்றது.

மேசன்மார் 'ரியூப் லெவல்' என்று சொல்லும் தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மனைவி பிடிக்க, மறுமுனையோடு நான் நான்கு அடிக்கு ஒரு தடவை அளந்தேன். நாற்பதடிப் பீலி. இறங்கு குழாய் வடக்கு முனையில். நடுப்பகுதி அந்த வாயை விட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பீலி கட்டியபோது கொளுக்கிகளை நான்கடிக்கு ஒன்றாக அடித்திருக்கிறார்கள். வெயிலில் பிவிசி இளகி, ஈரக் குப்பையின் பாரத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. ஐந்து அங்குல அகலப் பீலியில் பதினாறு அடி நீளத்துக்குச் சராசரி அரை அங்குலத் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட எட்டு லீற்றர். எட்டு லீற்றர் தண்ணீரை வீட்டின் தலைமேல் வைத்துக்கொண்டு நாங்கள் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.

டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் விளிம்பில், ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்ததும் பொரிக்கும். முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பு ஆவதற்கு எங்கள் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே பீலியின் உட்சுவரைத் தும்புத் தூரிகையால் நன்றாக உரசிக் கழுவினேன். காய்ந்த பீலி என்பதால் சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

கிழக்குப் பக்கப் பீலி வேறு கதை. அது மாமரத்தடியில். அதன் தண்ணீர் தாங்கிக்குப் போவதில்லை, மாமரத்து அடியில் சும்மா விழுகிறது. அந்தப் பீலி நமக்கு என்ன செய்கிறது என்று அம்மா கேட்டார். யோசித்துப் பார்த்தால், வாசற்படியில் நிற்பவரின் தலை நனையாமல் காப்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. அன்றே முடிவு செய்தோம். வாசலுக்கு மேலே பத்தடியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சம் முப்பதடியைக் கழற்றினேன். ஓட்டுத் தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்குச் சல்லி பரப்பினோம். சுவரில் சேறு தெறிக்கவில்லை. தேவையில்லாத பீலிக்கு வலை தேடுவது வீண் வேலை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பீலி என்று ஒன்று இருந்தால் சுற்றிவர இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

கழற்றியதில் மிஞ்சிய ஐந்து கொளுக்கிகளோடு புதிதாக ஐந்து வாங்கி, மேற்குப் பீலியை இரண்டடிக்கு ஒரு கொளுக்கியாக, இருபத்தொரு கொளுக்கியில் மீண்டும் தூக்கிக் கட்டினேன். முதலில் இரண்டு முனைக் கொளுக்கிகள், அவற்றுக்கிடையே இறுக்கிய நைலோன் நூல், பிறகு நூலைத் தொட்டபடி மற்றவை. தெற்கு முனையில் இருந்து வடக்குக்கு நாற்பதடியில் ஒன்றரை அங்குலச் சரிவு. கண்ணால் பார்த்தால் சரிவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். பத்தடிக்குக் கால் அங்குலம் குறைந்தபட்சம் என்பார்கள். அரை அங்குலம் கொடுத்திருப்பேன், ஆனால் வடக்கு முனை ஓட்டின் நுனியில் இருந்து அதிகம் இறங்கிவிடும், மழை பீலிக்கு வெளியே வீசும்.

இங்கே ஒரு தவறையும் செய்தேன். மூட்டுகள் எல்லாவற்றையும் பசை போட்டு இறுக்கிவிட்டேன். பன்னிரண்டு மீற்றர் பிவிசி, இரவுக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் இரண்டு சென்ரிமீற்றர் வரை நீண்டு சுருங்கும். பங்குனி வெயிலில் தெற்கு முனை மூடி பிதுங்கித் தெறித்தது. நடு மூட்டை வெட்டி, பசையில்லாமல் றப்பர் வளையத்தோடு அசையக்கூடிய மூட்டாக மாற்றினேன். அதன்பின் தொல்லை இல்லை.

ஆனியில் ஊர் வந்த ஓர் உறவினர் கையில் அண்ணா மாதிரிகள் அனுப்பியிருந்தார்: பீலிக்குள் திணிக்கும் கறுப்புப் பஞ்சுத் துண்டு, துளையிட்ட அலுமினியத் தகடு, துருப்பிடிக்காத உருக்கில் நெய்த மிக நுண்ணிய வலை. நான்காவதாகக் கடையில் வாங்கிய நைலோன் வலையை நான் சேர்த்தேன். மேற்குப் பீலியில் ஒவ்வொன்றையும் மூன்றடி நீளத்துக்குப் போட்டு, பக்கத்தில் மூன்றடியைத் திறந்தே விட்டு, கீழே சுவரில் கரித்துண்டால் எண் எழுதிவைத்தேன். ஆனி முதல் மார்கழி வரை சோதனை நடந்தது.

பஞ்சுதான் முதலில் தோற்றது. வேப்பம்பழக் காலம் அது. காகம் தின்று போட்ட கொட்டைகள் பஞ்சின்மேல் தங்கின. புரட்டாசித் தூறலில் அவை முளைத்தன. இரண்டு இலையோடு ஏழு வேப்பங்கன்றுகளை, வேர் பஞ்சுக்குள் இறங்கியிருக்க, நான் பிடுங்கினேன். மழை விட்டு நான்காம் நாளும் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

நைலோன் வலை வெயிலில் தொய்ந்து ஒரு வயிறு போட்டது. குப்பை அந்த வயிற்றில் சேர்ந்தது. மூன்று மாதத்தில் நகத்தால் சுரண்டினாலே இழை பொடிந்தது.

துளைத் தகட்டில் நடந்ததை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். சவுக்கு ஊசிகள் துளைகளில் செங்குத்தாக இறங்கி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றன. முள்ளம்பன்றி முதுகு போலத் தகடு முழுவதும். தும்புத்தடியால் தள்ளினால் உடைந்து உள்ளே விழும், அல்லது சாய்ந்து மற்றத் துளையை அடைக்கும். ஒவ்வொன்றாக மேல்நோக்கி இழுப்பதைத் தவிர வழியில்லை. மூன்றடிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நாற்பதடிக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே தகட்டை வாசல் பக்கத்துப் பத்தடியில், மாமரத்தின் கீழ் வைத்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. மாவிலை அகலமானது, கனமானது. தகட்டில் காய்ந்து கிடந்து அடுத்த காற்றோடு போய்விட்டது. தகட்டில் குறையில்லை, அதன் துளைக்கும் மேலே நிற்கும் மரத்துக்கும்தான் பொருத்தம் பார்க்க வேண்டும்.

நுண் வலையில்தான் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஊசி நுழையவில்லை, ஈர்க்கு நுழையவில்லை. கடற்காற்றில் ஆறு மாதம் கிடந்தும் துரு ஒரு புள்ளி இல்லை. (அதைப் பிணைத்த சாதாரண ஆணிகள் இரண்டே மாதத்தில் சிவந்துவிட்டன. வலைக்குக் கொடுக்கும் காசை ஆணிக்கும் கொடுக்க வேண்டும்.) சிறு மழைகளில் தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. ஐப்பசி முடியும்வரை, அண்ணா சொன்னதுதான் சரி என்று எழுதிவைத்திருந்தேன்.

நவம்பர் கடைசி வாரம் தாழமுக்கம் வந்தது. பின்னர் ஃபெங்கல் புயல் என்று பெயர் பெற்ற அதே தாழமுக்கம். யாழ்ப்பாணக் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது. நான் மழை அங்கியோடு மேற்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஒரே அளவான அலுமினியச் சட்டியை முன்கூட்டியே வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் திறந்த பீலியின் கீழ் இருந்த சட்டியில் தூவானம் இரண்டு விரற்கடை. நுண் வலையின் கீழ் இருந்தது நிரம்பி வழிந்தது. ஓட்டின் ஒவ்வொரு பள்ளத்தில் இருந்தும் தண்ணீர் கயிறுபோல் இறங்கி, வலையைத் தொட்டு, உள்ளே போகாமல் அதன்மேல் வழுக்கி, விளிம்பைத் தாண்டி நிலத்தில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசியும் வேப்பம் பூந்தூளும் வலைக்கண்களில் படிந்து சவ்வு கட்டியிருந்தன. மழை விட்டதும் ஏறித் தூரிகையால் உரசினேன். அடுத்த மழையில் பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. உரச வேண்டும் என்றால் ஏணி வேண்டும். அப்படியானால் வலை எதற்கு?

எங்களுக்கு அந்த இழப்பு சிறியதல்ல. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். மேற்குக் கூரை, நிலத்தில் அளந்தால், ஏறத்தாழ 52 சதுர மீற்றர். சிந்தியது, ஆவியானது போக, 120 மில்லிமீற்றர் மழையில் தாங்கி நிரம்பிவிடும். குடாநாட்டின் வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் விளிம்பைத் தாண்டிப் போன தண்ணீரைச் சித்திரையில் திருப்பிக் கேட்க முடியாது.

நுளம்பு விடயத்திலும் வலை என்னைக் கைவிட்டது. நுண் வலையின் கண் வழியாக நுளம்பு போகாது, அது உண்மை. ஆனால் எங்கள் ஓட்டின் நுனி அலை அலையாக இருக்கிறது. வலையின் பின்விளிம்புக்கும் ஓட்டுக்கும் இடையில், ஒவ்வோர் அலைக்கும் கீழே, விரல் நுழையும் இடைவெளி. அண்ணாவின் வீட்டுக் கூரை தட்டையான தார்ப் பலகை. வலையை அதன் அடியில் செருகிவிடலாம். அங்கே மேப்பிள் மரங்கள் இலையுதிர் காலத்தில் சில வாரத்துக்குள் கொட்டி முடித்துவிடும். இலையும் உள்ளங்கை அகலம். இங்கே சவுக்கு வருடம் முழுவதும் உதிர்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் எங்கள் வீட்டு வேம்பை மறந்துவிட்டேன்" என்றார். அந்த வேம்பை நட்டது எங்கள் அப்பா.

அதைவிட எனக்குப் பயம் தந்தது, வலை மூடிய பீலிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போவது. மார்கழியில் நுண் வலையைத் தூக்கிப் பார்த்தபோது, வலைக்குள் புகுந்த நுண் மண் கால் அங்குலச் சேறாகப் படிந்திருந்தது. சரிவு இருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. சரிவு செய்யாமல் பழைய தொய்வின் மேல் இந்த வலையைப் போட்டிருந்தால், அந்த எட்டு லீற்றர் அங்கேயே இருந்திருக்கும். பரிசோதகரின் கரண்டிகூட அதை எட்டியிருக்காது.

மேற்குப் பக்கத்தில் வலை இல்லை. முடிவு அதுதான். பீலி திறந்தே இருக்கிறது. மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் காலையில், ஒரு தடியின் நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டி, நிலத்தில் நின்றபடியே நாற்பதடியையும் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. குப்பை தெரிந்தால் மட்டும் ஏணி. மனைவி அடியைப் பிடிக்காமல் ஏறுவதில்லை, மழை ஈரத்தில் ஏறுவதில்லை. கூரைமேல் சாய்ந்திருந்த வேப்பங்கொப்பு ஒன்றை ஆவணியில் வெட்டினேன். அம்மா சம்மதித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

வலையைக் கூரையில் இருந்து கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கினேன். இறங்கு குழாயை ஆறடி உயரத்தில் வெட்டி, அதன் கீழே ஒரு பழைய பெயின்ற் வாளி. வாளியின் வாயில் அண்ணா அனுப்பிய நுண் வலையைச் செங்குத்தான சாய்வில் பொருத்தினேன். குழாயில் இருந்து தண்ணீர் விசையோடு வலையில் விழும். ஊசியும் ஈர்க்கும் வழுக்கி வெளியே கொட்டும். தண்ணீர் வாளிக்குள் இறங்கும். கூரையில் தோற்ற அதே வலை இங்கே நன்றாக வேலை செய்கிறது. சாய்வு அதிகம், விழும் தண்ணீரே அதைக் கழுவுகிறது, அடைத்தால் கையை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டலாம். வாளியில் இருந்து தாங்கிக்குப் போகும் வழியில், ஆறு அங்குலக் குழாய் ஐந்தடி நீளத்துக்கு நிறுத்தியிருக்கிறேன். கூரையைக் கழுவி வரும் முதல் 27 லீற்றர் அதற்குள் போய் நிற்கும். அடியில் உள்ள சிறு குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து அடுத்த மழைக்கு முன் காலியாகிவிடும். அந்தச் சொட்டு நின்றுவிட்டதா என்பதையும் ஞாயிறு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே இன்னொரு நுளம்புக் குழி.

2025 தையில் அதே பரிசோதகர் வந்தார். ஏணியைக் கேட்பதற்கு முன்பே நான் கண்ணாடித் தடியை நீட்டினேன். பார்த்தார், பிறகு ஏறியும் பார்த்தார். பீலி காய்ந்திருந்தது. இறங்கி வந்து தாங்கியைச் சுற்றி நடந்தவர், மேலே நிரம்பி வழியும் தண்ணீர் வெளியேறும் குழாயின் திறந்த வாயைச் சுட்டிக்காட்டினார். பீலியைப் பார்த்த ஒரு வருடமாக அதை நான் பார்க்கவே இல்லை. உள்ளே 5,000 லீற்றர்.

நுண் வலையில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அவர் படலையைத் தாண்டுவதற்கு முன் அதை இரண்டாக மடித்து அந்தக் குழாய் வாயில் போர்த்தி, செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். தாங்கியின் மூடிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியை அளந்து எழுதிவைத்திருக்கிறேன். அண்ணா ஆடியில் வரும்போது இன்னும் நான்கடி வலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.